செருப்பு மாறிப் போன காலை

ஏங்க, தூங்குறீங்கன்னு எழுதி வச்சுட்டு, உங்க செருப்பை மாட்டிக்கிட்டு டியூட்டிக்கு ஓடுறேன். ஆஸ்பத்திரி வார்டே சிரிக்கப் போகுது. என் ஷூ ஒண்ணைச் சின்னவன் வாஷிங் மெஷினுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கான். எடுக்க மனசு வரல. நீங்க பாட்டுக்குத் துணியைப் போட்டுடாதீங்க.

நேத்து சண்டையில "போறதுன்னா போ"ன்னு கத்தினீங்களே, அதைக் கேட்டுட்டான். லீவு விட்டதுலேருந்து பிள்ளைங்களுக்கு நம்ம சண்டைதான் வேடிக்கை.

பால் காய்ச்சியாச்சு. பெரியவளுக்குத் தலை சீவி விடுங்க, வெடுக்குனு இழுக்காதீங்க. சின்னவன் எழுந்து தேடினா, "அம்மா வேலைக்குத்தான் போயிருக்கா, செருப்பைக் கொடுக்க வந்துதானே ஆகணும்"னு சொல்லுங்க.

பஸ் வந்துடும்.

இன்னொண்ணு: அந்த ஷூவோட ஜோடி பீரோ மேல இருக்கு. அங்க பிள்ளைங்க ரெண்டு பேருக்குமே எட்டாது. அதை ஒளிச்ச ஆளுகிட்டயும் சொல்லிடுங்க, சாயங்காலம் வந்துடுவேன்னு.