மாத்திரை கூட்டிவந்த ஆள்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். மாதா கோயிலில் இரண்டாம் பூசைக்குத்தான் போக முடிந்தது. இதயத் துடிப்பைச் சீராக்கும் புது மாத்திரை தொடங்கிப் பதினோரு நாள். காலை ஒன்று, இரவு ஒன்று. படபடப்பு அடங்கியிருக்கிறது. பதிலுக்கு வந்தவை: கை கால் சில்லிப்பு, அசதி, எழுந்தால் கிறுகிறுப்பு. செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லப்போவதில்லை.

அவர் வருகிறார். கனவில். ஐந்து நாளாகத் தினமும்.

இறந்து மூன்று வருடம், ஒரு தடவைகூட வந்ததில்லை. பூந்தமல்லியில் இருக்கும் அவர் தங்கையின் கனவில் வந்தாராம். பக்கத்து வீட்டு மல்லிகா கனவில்கூட வந்தாராம்! முப்பத்தோரு வருடம் சமைத்துப் போட்டவள் நான். எனக்கு மட்டும் இல்லை. குரலே மறந்துபோயிருந்தது. பழைய போன் வாளித் தண்ணீரில் விழுந்தபோது வீடியோக்களும் போய்விட்டன. போட்டோ இருக்கிறது, நான்கு ஆல்பம்.

இன்று விடியலில்: ஃபேக்டரி காக்கிச் சட்டை, கொடியில் எதையோ தேடுகிறார். "மேரி, துண்டு எங்கடி?" அவ்வளவுதான். கட்டைக் குரல், முடியும் இடத்தில் லேசாக உடையும். அதேதான்.

வாங்க: ரசப்பொடி, துவரை, காஸ் லைட்டர்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நல்ல காற்று. ஜெனி ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டு அம்பத்தூரிலிருந்து வந்தாள். ஒரே மகள், அவள்தான் டாக்டரிடம் கூட்டிப்போவது. ஈ.சி.ஜி. நாடி ஐம்பத்தாறு.

"தூக்கம் எப்படிம்மா?" டாக்டர் கேட்டார். "சிலருக்கு இந்த மாத்திரையில கனவு ஜாஸ்தியா வரும். அப்படி இருந்தா சொல்லுங்க, வேற மாத்தித் தரேன்."

"அதெல்லாம் இல்ல சார். நல்லா தூங்குறேன்."

அறுபத்திரண்டு வயதில் டாக்டரிடம் பொய். ஜெனியும் நம்பிவிட்டாள்.

ஆட்டோவில் திரும்பும்போதுதான் உறைத்தது. அவராக வரவில்லை. மாத்திரை கூட்டிவருகிறது. எங்கள் ஏரியா கோவில்பதாகை வரும்வரை ஜெனி ஏதோ பேசிக்கொண்டே வந்தாள், காதில் விழவில்லை. இருக்கட்டும். யார் கூட்டிவந்தால் என்ன.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இரண்டு நாளாக வரவில்லை. கனவு வருகிறது, அதில் அவர் இல்லை. ஏதோ கல்யாண வீடு, தெரியாத ஜனம், பந்தி பந்தியாகத் தேடுகிறேன். விழித்த பிறகும் கண்ணைத் திறக்காமல் கிடந்தேன், மறுபடி தூங்கினால் வருவாரோ என்று. தூக்கமும் வரவில்லை. பால் பாக்கெட் வெயிலில் கிடந்து திரிந்துவிட்டது.

இன்று இரவு இரண்டு மாத்திரை போடப்போகிறேன். தப்பென்று தெரியும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வந்தார்! நேற்றும் இன்றும். நேற்று முகம் மட்டும். இன்று ஆவடி ஸ்டேஷன், பெஞ்சில் நாங்கள். என் மடியில் ஜெனி, கைக்குழந்தை. அவர் வேர்க்கடலையை உரித்து உரித்து என் கையில் வைக்கிறார். "மெதுவா தின்னு. வண்டி லேட்டு." அவர் விரல் பட்ட இடம் சூடு.

விழித்தபோது என் கை ஐஸ். எழுந்து சுவரைப் பிடித்து நின்றேன். பூசைக்குப் போகவில்லை. மதியம் பழைய சோறு.

இன்றிரவும் இரண்டுதான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஆஸ்பத்திரி. ஜெனியின் பேனா, கோணல் எழுத்து.

நேற்றுக் காலை வாசல் தெளிக்கக் குனிந்தேன். அடுத்து தெரிந்தது மல்லிகாவின் முகம். "அய்யோ, இன்னாக்கா ஆச்சு? கை ஜில்லுனு கீதே! கண்ணத் தொறக்கா!" ஆட்டோ பிடித்து, ஜெனிக்கு போன் போட்டு, எல்லாம் அவள்தான். நாடி முப்பத்தெட்டாம்.

ஜெனி மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டாள்.

"மூணு அதிகமா போயிருக்கும்மா. மறந்து போட்டுட்டியா?"

ஆமாம் என்றிருக்கலாம். வாய் வேறு சொன்னது. "அப்பாவ பாக்கத்தான் போட்டேன்."

கனவுகளைச் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பிறகு, "எனக்கு நீயாவது வேணும்மா."

டாக்டரிடமும் சொல்லியாயிற்று. திட்டவில்லை. மாத்திரையை மாற்றிவிட்டார்.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா திருநாள். தூறல். நேற்றே வீடு வந்தாயிற்று. பூசைக்கு ஜெனி விடவில்லை. பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினக் கொடியேற்றம் முடிந்து பிள்ளைகள் மிட்டாயோடு போகும் சத்தம்.

நாடி அறுபத்து நாலு. கையில் சூடு திரும்பியிருக்கிறது. கனவு இல்லை. கிணற்றில் போட்ட கல்போலத் தூக்கம். விடியலில் பக்கத்தில் தடவிப் பார்த்தேன். ஜெனியின் தோள்.

மருந்துக்கடைப் பையில் அந்தப் பழைய அட்டை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தேன். இல்லை. தூக்கிப் போட்டிருப்பாள். நிம்மதியா ஏமாற்றமா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

மல்லிகா மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். உப்பு கம்மி, எனக்காக.

சாயங்காலம் ஜெனி லேப்டாப்பை மூடிவிட்டுச் சமையலறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். மூன்று வருடமாக நாங்கள் அவரைப் பற்றிப் பேசியதே இல்லை. நான் அழுவேன் என்று அவள், அவள் அழுவாள் என்று நான்.

"கனவுல அப்பா பேசினாருன்னு சொன்னல்லம்மா, எப்படிப் பேசினாரு?"

"எப்பவும் போலத்தான்."

"எனக்கு அவர் குரலே ஞாபகம் வரலம்மா. எவ்ளோ யோசிச்சாலும் வரல."

எனக்கு மட்டும்தான் மறந்துபோனது என்று இருந்தேன்.

பேசிக் காட்டச் சொன்னாள். வெட்கமாக இருந்தது. விடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கட்டைக் குரலில், கடைசியில் கொஞ்சம் உடைத்து, "பாப்பா, கதவச் சாத்து. கொசு வருது பாரு" என்றேன்.

ஜெனி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.