ஒருவரும் சாகாத விளையாட்டு

2010 ஆவணி, ஞாயிறு

நகரில் இன்று கணினி விளையாட்டுச் செய்பவர்களின் கூட்டம். ஒவ்வொருவராக எழுந்து, தொழில் படித்த இடத்தைச் சொன்னார்கள். என் முறை வந்தது.

"நான் பெரியகல்லாறு. சுனாமி முகாமில தந்த சதுரக்கோட்டுக் கொப்பியிலதான் படிச்சன். பொடியளுக்குப் புதிர்ப்பாதை கீறிக் குடுத்தன்."

சிலர் சிரித்தார்கள். நான் உட்காரவில்லை, என் விளையாட்டை ஓட்டிக் காட்டினேன். அதில் விளையாடுபவர் ஓட்டும் நண்டு பிடிபட்டாலும் கூடையிலிருந்து ஏறி வாவிக்குத் திரும்பிவிடும்.

கொழும்பிலிருந்து வந்தவர், "ஒருத்தரும் சாகலன்னா யாரு தங்கச்சி விளையாடுவாங்க? சுடுறதுக்கு ஒரு துவக்காவது வைங்க" என்றார்.

"துவக்கு நாங்க போதுமான அளவு பாத்திட்டம், சேர்."

வீட்டுக்கு வந்தும் அந்தப் பேச்சு காதைக் குடைந்தது. கணினியைத் திறந்து ஒன்றை மட்டும் மாற்றினேன். இனி என் நண்டு தனியாகத் தப்பாது. கூடையிலுள்ள எல்லா நண்டுகளையும் இழுத்துக்கொண்டுதான் வரும்.