இடம் மாறிய பொட்டு

டாக்டரம்மா,

மெட்ராஸ் என்ற பெயர் போய்ச் சென்னை என்று ஆன வருஷம் அது. கோடையிலேயே மழை கொட்டித் தீர்த்ததும் அப்போதுதான். இன்று காலை, மருமகள் கண்ணாடியில் ஒட்டியிருந்த சிவப்புப் பொட்டு என் விரலோடு வந்துவிட, அந்த வருஷமும் கூடவே வந்தது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

அடையாற்றில் உங்கள் புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்தில் பாத்திரம் கழுவியவன் நான். படிக்கத் தெரியாத எனக்காக மயிலாப்பூர் மாடவீதியில் பொட்டு அட்டை வாங்கிவந்து புட்டிகளில் ஒட்டினீர்கள். சிவப்புப் பொட்டு என்றால் மருந்து. பச்சை என்றால் மருந்தில்லாதது.

என் அக்காவுக்கு மார்பில் வந்த கட்டி நுரையீரலுக்குப் போய்த்தான் உயிர் போனது. "அது எப்படிம்மா அங்கேர்ந்து போவுது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"செல்லோட மேல கை மாதிரி நிறைய இருக்கு. சதையைப் பிடிச்சுண்டு முன்னாடி நகரும். பின்னாடி விட்ட கை உள்ளே போய், மறுபடி முன்னாடி வந்து பிடிக்கும்."

"அட, கரைவலை! கரையில வரிசையா நின்னு இழுக்கசொல்ல, கடைசி ஆளு கயித்த வுட்டுட்டுத் தண்ணியோரம் ஓடி மறுக்கா புடிப்பான்."

சிரித்துவிட்டீர்கள். "பேஷ்! இத்தனை நாள் எனக்கு இது தோணலையே."

"கையக் கட்டிட்டா?"

"அதுக்குத்தான் சிவப்புப் பொட்டு. பலிச்சா, கட்டி பொறந்த எடத்துலயே நிக்கும். அறுத்து எடுத்துடலாம்."

கூழ் பூசிய சல்லடைத் தாளின்மேல் செல்களை விடுவீர்கள். மறுநாள் எத்தனை துளைத்து அடிப்பக்கம் வந்தன என்று பார்ப்பீர்கள். அதுதான் சோதனை.

அந்த மழையில் மின்சாரம் போய், குளிர்பெட்டியில் பனி உருகித் தண்ணீர் நின்றது. புட்டியில் எழுதிய மை கரைந்து, பொட்டுகள் மிதந்தன. எது எங்கே இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது என்ற திமிர். துடைத்து ஒட்டிவிட்டேன். உங்களிடம் சொல்லவில்லை.

அடுத்த சோதனையில் மருந்து போட்ட செல்களே அதிகமாகத் துளைத்து வந்தன. "யோசனையே தப்பும்மா, இத்தோட மூட்டை கட்டு" என்றார் கூடத்துக்குத் தலைவரான பெரிய டாக்டர். நீங்கள் மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் பொட்டு மிதந்ததையும் நானே ஒட்டியதையும் சொன்னேன்.

"அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"ஞாபகம் கீதுன்னு நென்ச்சுக்கினேம்மா."

திட்டுவீர்கள் என்று நின்றேன். நேராகப் பெரிய டாக்டர் அறைக்குப் போனீர்கள். "பொட்டை நான்தான் சார் மாத்தி ஒட்டிட்டேன்" என்றது வாசலில் நின்ற என் காதில் விழுந்தது. "பி.எச்.டி. படிச்சவளுக்குப் பொட்டு விளையாட்டா?" என்று அவர் கத்தியதும் விழுந்தது.

புது மருந்து வரவழைத்து மறுபடி செய்தீர்கள். மருந்து போட்ட தாளின் அடிப்பக்கம் அநேகமாகக் காலி. என்னையும் கூப்பிட்டு, பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்க்கவைத்தீர்கள். "ஞாபகம் நல்லதுதான். ஆனா சந்தேகம் வந்தா கேட்டுடுங்கோ." அவ்வளவுதான் சொன்னீர்கள்.

இன்றைக்கும் மாத்திரை அட்டையை மருமகளிடம் காட்டாமல் நான் விழுங்குவதில்லை.

பெரிய டாக்டர் எப்போதோ போய்விட்டார், உண்மை தெரியாமலே. போன மாதம் நீங்களும் போனீர்கள். பொட்டை மாற்றி ஒட்டியவன் மட்டும் இருக்கிறான். நொச்சிக்குப்பம் ஏகாம்பரம்.