பிரேக் மிதித்தால் மட்டும்

சூடான இரும்பில் தண்ணீர் விழுந்தால் ஒரு வாசனை எழும். இன்று காலை அருள்புரத்தில் நம் கம்பெனி கேட்டில் அது வந்தது. வெளியூர் லாரி ஒன்று நின்றதும், அதன் கிளீனர் முன்சக்கரத்தில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றினார். ஆவி. கருகிய தூசி. அந்த நொடியே உங்கள் மேல் எரிச்சல் வந்தது. இறந்து ஏழு மாதம் ஆன அப்பாவின் மேல்.

உங்கள் வெள்ளைக் கார் பல்லடம் ரோட்டிலிருந்து திரும்பும்போதே வாட்ச்மேன் ஓஸ் பைப்போடு நிற்க வேண்டும். நீங்கள் இறங்குவதற்குள் நான்கு சக்கரங்களிலும் தண்ணீர் பாய வேண்டும். "பையரு மொதல்ல பாக்கறது வீலைத்தான்" என்பீர்கள். துணி வாங்க வரும் எந்தப் பையரும் குனிந்து சக்கரத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. பனியன் துணியைக் கழுவிக் கழுவியே மேலே வந்தவர் நீங்கள். கழுவினால் போகாத குறை உலகத்தில் இல்லை என்று நம்பினீர்கள்.

பிறகு கார் நடுங்கத் தொடங்கியது. பிரேக் மிதித்தால் மட்டும். ஸ்டியரிங் கைக்குள் துடிக்கும். காலை எடுத்தால் அடங்கிவிடும்.

டயர் மாற்றினீர்கள். நான்கும். வீல் பேலன்ஸிங். அலைன்மென்ட், மூன்று முறை. நடுக்கம் அப்படியே இருந்தது.

ஞானராஜ் அண்ணன் பதினோரு வருடம் உங்கள் காரை ஓட்டியவர். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். அவர் சொன்னார்: "டயருன்னா ஓடும்போதே ஆடணும்லா மொதலாளி. இது பிரேக்ல மட்டுந்தான் ஆடுது. டிஸ்க்கு கோணிருக்கு. சூட்டோட தண்ணி அடிக்கோம்லா, அதான்."

"உன்னைய வண்டி ஓட்டத்தான வெச்சிருக்கறேன்? டாக்டருக்கா படிச்சிருக்கறே?"

உங்கள் நகைச்சுவைக்கு நீங்களே சிரித்தீர்கள்.

உங்களிடம் சொல்லாமல் அவரும் நானும் பக்கத்திலேயே ராயபுரத்தில் ஒரு பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் முன்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே பிரேக் டிஸ்க், சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு. அதன் ஓரத்தில் அளவுக்கருவியின் முனையை ஊன்றி, தட்டைக் கையால் மெல்லச் சுற்றினார். ஓரிடத்தில் கருவியின் முள் விலகியது. திரும்பியது. மறுசுற்றில் அதே இடத்தில் மீண்டும் விலகியது.

"பாத்தீங்களா தம்பி? மயிரிழைதானுங்க. கையப் பூராவும் ஆட்டறதுக்கு இது போதும். காஞ்ச தோசைக்கல்லுல நித்தம் தண்ணி ஊத்துனா? அதேதானுங்க. ரெண்டு தட்டும் புதுசாப் போட்டாச் செரியாயிரும். அப்பாகிட்டக் கேட்டுட்டு வாங்க."

கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். கேட்கவில்லை. தோள் தையல் ஒரு நூல் அளவு விலகினால் பண்டலையே தூக்கி எறிகிறவர் நீங்கள். ஒரு முள் விலகியதை உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். வெளிநாட்டுப் பையர் பின் சீட்டில் உங்கள் பக்கத்தில், கையில் காபி. சிக்னலில் அண்ணன் பிரேக் மிதித்தார். காபி பையரின் சட்டையில் சிந்தியது. அவர் துடைத்துக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பை நீங்கள் கம்பெனி வரைக்கும் பொறுத்துக்கொண்டீர்கள். கேட்டில் டீ நேரம். டெய்லர்கள், குறை பார்க்கும் செக்கிங் பெண்கள், எல்லோரும் வெளியே நின்றார்கள்.

"பதினோரு வருசமா பிரேக் மிதிக்கத் தெரியலே. காலா அது, ஒலக்கையா? சாவிய வெச்சுட்டுக் கெளம்பு."

அண்ணன் சாவியைப் பானெட்டின் மேல் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தேன். எம்.ஏ.வில் அதிகாரத்தைப் பற்றி ஐம்பது பக்கம் எழுதியவன். அப்போதும் சக்கரங்களில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

அதோடு நீங்கள் விடவில்லை. காரைக் கெடுத்தவன் என்று போகிற கல்யாணங்களில் எல்லாம் சொன்னீர்கள். அதன்பிறகு இந்தப் பக்கத்தில் யாரும் அவரிடம் வண்டியைக் கொடுக்கவில்லை. சோமனூரில் துணி மூட்டை தூக்கப் போனார். நமக்குப் புது டிரைவர் வந்தார். கார் அவர் காலுக்கும் நடுங்கியது. அதைப் பற்றி நீங்கள் பேசுவதை நிறுத்திவிட்டீர்கள்.

போன மாதம் காரைப் பட்டறையில் விட்டேன். மெக்கானிக் துருவைத் தேய்த்தெடுத்தார். புதுத் தட்டுகள், புது பிரேக் பேடு. நட்டுகளை எதிரெதிராக, ஒரே இறுக்கத்தில் முறுக்கினார். அரை நாள் வேலை. ஒரு மனிதரின் பதினோரு வருடத்தைக் கொடுத்து நீங்கள் தவிர்த்தது அந்த அரை நாளை.

நேராகச் சோமனூர் போனேன். ஞானராஜ் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார். ரோட்டில் வேகமெடுத்து, பிரேக்கை அழுத்தி மிதித்தார். ஸ்டியரிங் அசையவில்லை. அவர் முகமும்.

"வேலைக்கு வந்துருங்கண்ணா."

"வாரேன். எந்த எடத்துல ஏச்சு வாங்குனேனோ அந்த எடத்துல வச்சு நீங்க சொல்லணும் தம்பி. அன்னைக்கு கேட்டவுகளும் நிக்கணும்."

மறுநாள் டீ நேரத்தில் கேட்டில் நின்று சொன்னேன். "காரு கெட்டது அண்ணன் கால்ல இல்லீங்க. சூட்டோட தண்ணி அடிச்சதுல. எனக்கு அன்னைக்கே தெரியும். நான் சொல்லலே."

யாரும் ஆச்சரியப்படவில்லை. செக்கிங்கில் இருக்கும் ஓர் அம்மா டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "அது எங்களுக்கெல்லாம் அப்பவே தெரியுமுங்க. பைப்பு புடிச்சவருக்கே தெரியும். உங்கய்யன்கிட்ட ஆருங்க சொல்றது?"

யாரோ சிரித்தார்கள். அண்ணன் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

நூறு பேருக்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்கு மட்டும் தெரியாது. அந்த அமைதியை மரியாதை என்று நினைத்துக்கொண்டே செத்துப் போனீர்கள்.

நேற்று காலை கட்டிங்கில் ஓர் அளவைத் தவறாகச் சொல்லிவிட்டேன். மாலையில்தான் கவனித்தேன். அத்தனை துண்டும் நான் சொன்னபடியே வெட்டி அடுக்கியிருந்தது. கட்டிங் மாஸ்டருக்கு இருபது வருட அனுபவம். நான் அளவைச் சொன்னபோது அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு "செரிங்க" என்றார். உங்களுக்குச் சொல்லிவந்த அதே செரிங்க.