பெரியப்பா குடிக்கவில்லை

கானமாரா,
ஆகஸ்ட், திங்கள்.

அன்பு மகன் ஃபின்டனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், பெர்த்தில் நீயும் சுகமாயிருக்க மாதா துணை. அப்பா இப்போது வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு பை ரத்தத்தை எடுக்கக் கொடுத்துவிட்டு வருகிறார், பயப்படாதே, அதுதான் வைத்தியமே. மூட்டுவலி, சோர்வு என்று முனகிக்கொண்டே இருந்தாரே, உடம்பில் இரும்பு அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டதாம். நான் என்னடாவென்றால் சோர்வுக்கு நல்லதென்று இத்தனை நாளும் இரும்பு டானிக்கும் ஆட்டு ஈரலுமாக ஊட்டியிருக்கிறேன். இவள விட்டிருந்தா நான் காந்தத்துல ஒட்டியிருப்பேன் என்று நர்ஸிடம் சொல்லிச் சிரிக்கிறார். நர்ஸ் என்னிடம், இது நம்ம பக்கத்துல பரம்பரையா வர்றதும்மா, அரைவயித்துக் காலத்துல கிடைச்ச இரும்பை விடாமப் பிடிச்சுவச்ச உடம்புதான் பிள்ளை பெத்துப் பொழைச்சிருக்கும்னு சிலர் நினைக்கிறாங்க, அந்தப் பிடியே வயசானா கல்லீரலைக் கெடுக்குது, அதுக்குள்ள பிள்ளைங்களுக்குக் கொடுத்தாச்சே, இயற்கை எப்படிக் களையும் என்றாள் அவள். பிள்ளை வளர்ந்துவிட்டால் இயற்கைக்கு நம்மிடம் வேலையில்லையாம். எனக்கு இருக்கிறது, ஆகவே கேள்.

உன் ஃபெஸ்டி பெரியப்பா கல்லீரல் கெட்டுத்தானே இறந்தார். மது தொடமாட்டேன் என்று கோவிலில் சத்தியம் செய்து, அதற்குக் கொடுக்கும் சின்னத்தை ஆயுசுக்கும் கோட்டில் குத்தியிருந்த மனிதர். கோட்டுல சின்னம், அலமாரில சீசா என்று பக்கத்து வீட்டு டெலியா சொன்னாள், ஊரே நம்பியது, அப்பாவும் நம்பி, சின்னத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு அவரைப் புதைத்தார். நேற்றுக் கல்லறை ஞாயிறு, ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடியிருந்தது. சாமியார் கல்லறைகளை மந்திரித்து முடித்ததும், கூட்டத்தில் வாயே திறக்காத உன் அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டு, என் அண்ணன் குடிக்கலை, இரும்புதான் கொன்னுச்சு, எனக்கும் அதேதான், நீங்களும் போய் ரத்தம் பாருங்க என்றார். பிறகு அன்று எடுத்து வைத்த சின்னத்தை அண்ணனின் கல்லடியில் மண்ணில் அழுத்தி வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்று காலை டாக்டர் வாசலில் முதல் ஆள் டெலியா.

இந்த வியாதியைக் கொடுக்கிற மரபணு எனக்கும் ஒன்று இருக்கிறதாம், அப்பாவிடம் இரண்டு, ஆக உனக்கு வியாதி வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இப்போதே தெரிந்தால் ஒன்றும் ஆகாது. இந்த வாரமே ரத்தம் பார்த்துவிடு. குடிக்காத பெரியப்பாவுக்காகப் பேச அப்பா இருந்தார். நீ குடிக்கிறவன், உனக்காக யார் பேசினாலும் ஊர் நம்பாது.

கடவுள் உன்னைக் கைக்குள் வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
நோரீன்