ஊன்றாத கால்

மார்ச் 4

இன்றைக்கும் அவன் கால் ஊன்றவில்லை.

மார்ச் 5

நேற்று ஆத்திரத்தில் ஒரு வரியோடு போனை வைத்துவிட்டேன். இந்தப் போன் மகள் அனுப்பியது. நான் பேசினால் அது எழுதிக்கொள்கிறது. தேதியையும் அதுவே போட்டுக்கொள்கிறது. கெட்ட வார்த்தை வந்தால் மட்டும் புள்ளி வைத்துவிடுமாம். பேசிப் பழகிய பக்கத்தை சைக்கிள் கடைக்காரனிடம் காட்டினேன். "என்ன பெருசு, பக்கம் பூரா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு?" என்றான். எல்லாம் என் தம்பியைப் பற்றியது. வேறென்ன இருக்கும்!

ஆற்றை ஒட்டிக் காட்டுக்குள் போகிற ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் மரம் அடைந்த மேடு, ஒரு பக்கம் ஆறு. சைக்கிள் கைப்பிடி அகலம்தான் வழி. காலையில் கடைப் பக்கமிருந்து நான் ஏறுவேன். பாலத்துப் பக்கமிருந்து தம்பி இறங்குவான். ஆபீஸில் வேலை பார்த்தவன், அதனால் அவனைக் கிளார்க்கு என்றுதான் சொல்வேன். இரண்டு பேருக்கும் டாக்டர் சொன்ன வைத்தியம் ஒன்றே: சர்க்கரைக்கு சைக்கிள். என்னுடையது கடைக்காரன் வாடகைக்கு விட்டு ஓய்ந்துபோனது. பாதையில் விழும் கிளைகளை நான் வெட்டிப் போடுகிறேன், அதற்குக் கூலியாகக் கடைக்காரன் வண்டியைக் கொடுத்திருக்கிறான். கிளார்க்கினுடையது மகன் வாங்கித் தந்தது. வருகிற சத்தமே கேட்காது.

பாதைக்கு ஒரு சட்டம் உண்டு. ஏறுகிறவனுக்கு வழி. இறங்குகிறவன் நிறுத்தி, காலைத் தரையில் ஊன்றி ஒதுங்க வேண்டும். நேற்று முளைத்த பொடிசுகள்கூட இதை மீறுவதில்லை. கிளார்க்கு என்ன செய்வான் தெரியுமா? பாதை முழங்கை மாதிரி மடங்குகிற வளைவுக்கு மேலே கொஞ்சம் அகலமான இடம் உண்டு. என் மணிச் சத்தம் கேட்டதும் அங்கே நிறுத்துவான். ஆனால் ஊன்ற மாட்டான். பெடல் மேலேயே நின்றுகொண்டு, முன்சக்கரத்தை இப்படியும் அப்படியும் ஆட்டி, சர்க்கஸ்காரன் மாதிரி நிற்பான். நான் மூச்சு வாங்கிக்கொண்டு அவன் முழங்காலுக்குக் கீழே குனிந்து போக வேண்டும். முகத்தைப் பார்க்க மாட்டான். பேச்சு நின்று ஒன்பது வருஷம்.

சாவதற்குள் ஒரே ஒரு தடவை என் முன்னால் அவன் கால் தரையில் படவேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.

மார்ச் 9

மழை. வண்டி எடுக்கவில்லை. எடுக்காத நாளில் பழசெல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மகளுக்கு முதலில் வந்த இடம். நல்ல இடம். பையனின் அப்பா நாற்காலியில், அம்மா கட்டிலில். கிளார்க்கு சிமென்ட் கலர் சட்டை போட்டிருந்தான், மேலிருந்து இரண்டாவது பட்டன் இல்லை. பேச்சு முடிந்து எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சின்ன ஒப்பந்தம் மாதிரி ஒரு தாளில் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடலாம் என்றார் பையனின் அப்பா. இவன்தான் முந்திக்கொண்டான். "எங்க அண்ணனுக்குக் கட்டை விரல்தான் பேனா!" என்றான். அவனே முதலில் சிரித்தான். அந்த அம்மாள் என் விரலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மறுநாள் ஆள் விட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவன் பள்ளிக்கூடம் போகத்தான் நான் மரம் இழுக்கப் போனேன். அவன் கையில் இருக்கிற பேனாவை நான்தானே வாங்கிக் கொடுத்தேன்?

மகள் எங்கேயோ கண்காணாத இடத்தில் வாழ்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். அது வேறு.

மார்ச் 15

கடைத்தெருவில் என் வீட்டுக்காரியும் கிளார்க்கின் பெண்டாட்டியும் பேசிக்கொள்வார்கள். பெண்கள் சண்டையை வீட்டோடு வைத்துவிட்டுப் போகிறார்கள். இன்று வந்து பையை இறக்கும்போதே சொன்னாள்.

"உங்க தம்பிக்கு இடது கண்ணு போச்சாம். ஆபரேஷன் பண்ணியும் தேறலையாம்."

"அப்புறம் எப்படி வண்டி விடுறான்?"

"உங்க மணிச் சத்தத்தை வெச்சுத்தானாம். சத்தம் கேட்டா நிப்பாராம், இல்லைன்னா இறங்குவாராம். அவ புலம்புறா. நீங்களாச்சும் பார்த்துப் போங்க."

"பார்த்துத்தான் போறேன்."

பார்த்துத்தான் போகப்போகிறேன். வளைவுக்குள் சர்க்கஸ் செய்ய இடமில்லை. பெரிய மரத்தின் வேர், ஈர மண், ஒரு முழ வழி. அங்கே என்னைப் பார்த்துவிட்டால் அவன் ஊன்றியே ஆக வேண்டும். கண்ணா? ஒரு கண் போதும், என்னைப் பார்க்க.

ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன். அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடைத்தது.

மார்ச் 16

மணியைக் கழற்றிவிட்டேன்.

மார்ச் 17

அவன் இன்று வரவில்லை. கேட்க ஆளில்லாத பாதையில் மணியில்லாத வண்டி. எனக்கே என் மேல் சிரிப்பு வந்தது.

மார்ச் 19

ஈர வேட்டியோடு போனை எடுத்தேன். பேசினால் போதும் என்பதால் பேசுகிறேன்.

நான் வளைவுக்குள் இருந்தேன். அவன் வந்தான். சத்தம் இல்லை, அந்த வண்டிக்குச் சத்தம் கிடையாது. வேர் மேல் அவன் முன்சக்கரம் ஏறியபோதுதான் என்னைப் பார்த்தான். வலது கண்ணால். நான் நினைத்தேன் — இப்போ ஊனுவான், இப்போ ஊனுவான். இந்தா, ஊனிட்டான்னு வாயில வந்துடுச்சு. அவன் கைப்பிடியைத் திருப்பினான். ஆற்றுப் பக்கம். என் மேல் மோதாமல் இருக்கவா, ஊன்றாமல் இருக்கவா? யாருக்குத் தெரியும்? இரண்டு காலும் பெடலில் இருந்தபடியே போனான். கரையில் ஒரு தடவை அடிபட்ட சத்தம், அப்புறம் தண்ணீர்.

நான் வண்டியைப் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன். இடுப்பளவு தண்ணீரில் அவன் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் போட்ட சத்தத்தில் கடைக்காரன்தான் ஆள்களோடு வந்து தூக்கினான். "மணி அடிக்கலையா பெருசு?" என்றான். என் கைப்பிடியைப் பார்த்தான். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 22

ஆஸ்பத்திரி. இடுப்பெலும்பு முறிவு. கட்டிலோடு கட்டில் மாதிரி கிடந்தான். தம்பி பெண்டாட்டி என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போனாள். "மாமா"ன்னு கூப்பிடலை.

ஒன்பது வருஷம் கழித்து அவன் வாயைத் திறந்தான்.

"மணி எங்கடா?"

அண்ணனை 'டா' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"துருப்பிடிச்சு விழுந்துடுச்சு."

"உனக்குப் பொய்யும் எழுதப் படிக்கத் தெரியாது" என்றான். சிரிக்கப் பார்த்தான், வலி. அப்புறம் சொன்னான்: "ஆனா ஒண்ணு. நான் ஊனலை. விழுந்தேன். நீதான் ஊனின. ரெண்டு காலும்."

வாங்கிப்போன பழத்தை ஜன்னலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். படியிறங்கும்போதும் அவன் சிரித்து இருமுகிற சத்தம் கேட்டது.

ஏப்ரல் 2

போன வாரம் வீட்டுக்காரியிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். "அந்த ஸ்க்ரூ டிரைவரை இனிமே நான் வெச்சுக்கிறேன்" என்றாள். அன்றிலிருந்து என் தட்டைத் தரையில் தள்ளி வைக்கிறாள், கையில் கொடுப்பதில்லை.

ஏப்ரல் 27

தம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இனி வண்டி கிடையாதாம் அவனுக்கு. கைத்தடி பிடித்தால் பெரிய விஷயமாம். சந்தோஷமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பசிதான் வந்தது.

மே 6

கடைக்காரன் புது மணி ஒன்றைப் பூட்டிக் கொடுத்தான். நான் கேட்கவில்லை.

மே 7

வளைவுக்குள் போனதும் என் கால் தானாக இறங்கிவிட்டது. எதிரே யாருமில்லை. ஆனாலும் இறங்கிவிட்டது. வளைவுக்கு நேர் மேலே, மேட்டில்தான் அவன் வீட்டுக் கொல்லை வேலி. வேலியோரம் தம்பி பெண்டாட்டி நின்றிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"ஊனிட்டாருங்க!"

உள்ளே ஜன்னலிலிருந்து சிரிப்பு. கட்டிலை அந்தப் பக்கம் மாற்றிப் போடச் சொல்லியிருக்கிறான், பாவி. பார்க்க முடியாததை ஆள் வைத்துக் கேட்கிறான்.

மே 8

ஊன்றினேன். கத்தினாள். சிரித்தான்.

மே 11

பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். வேரைப் பார்த்ததும் கால் தரைக்குப் போய்விட்டது. அந்தப் பேச்சே வேண்டாம்.

மே 19

வீட்டுக்காரி கடைத்தெருவில் கேட்டு வந்தாள். ராத்திரி பூரா வலியாம், விடிஞ்சும் கண் மூடுவதில்லையாம். என் மணிச் சத்தம் கேட்டதும், "போ, போய்ப் பாரு" என்று பெண்டாட்டியை விரட்டுகிறானாம். அப்புறம்தான் கஞ்சி குடிக்கிறானாம். வேறு எதற்கும் வாய் திறப்பதில்லையாம்.

மே 20

இன்று ஊன்றவில்லை.

மணியை அடித்தேன். வேர் மேல் ஏறினேன், மேட்டுப் பக்கம் தோளை உரசிக்கொண்டு திரும்பினேன், வெளியே வந்துவிட்டேன். இரண்டு காலும் பெடலில். தலை நிமிர்ந்து வேலியைப் பார்த்தேன். அவளும் நேராக என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"ஊனிட்டாருங்க!"

இல்லடி என்று கத்த வாயெடுத்தேன். உள்ளேயிருந்து சிரிப்பும் இருமலுமாக வந்தது. தட்டில் ஸ்பூன் படுகிற சத்தமும் கேட்டது.

மணியை இன்னொரு தடவை அடித்துவிட்டு ஏறிப் போய்விட்டேன்.