நாலாம் படி

என்னங்க,

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். பத்து மணிக்குப் பாப்பாவுக்குப் பாதி மாத்திரை, மறக்க வேண்டாம்.

"முழுசா குணமாகாததுக்கு எதுக்கு ஆபரேஷன் பண்ணினோம்?" என்று நேற்றும் கேட்டீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பதில் இதோ.

டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லையே. "இதயத்தை இப்ப முழுசா சரி பண்ண முடியாது. நுரையீரலுக்கு ரத்தம் போக ஒரு சின்னக் குழாய் வைக்கிறேன். வளர்ந்ததும் பெரிய ஆபரேஷனைத் தாங்குவா" என்றார். சொன்னபடியே போன மாதம் ஆபரேஷனைச் செய்துகாட்டினார்.

இன்று காலை பாப்பா மாடிப்படி ஏறினாள். எப்போதும் மூச்சு வாங்கி உட்காரும் நாலாம் படியில், பழக்கதோஷத்தில் அவளைத் தூக்கக் கை நீட்டினேன். "தள்ளும்மா, வழிய மறிக்காத!" என்று மேலே போய்விட்டாள்.

பி.கு.: ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து வந்த நீலம் தெரியக் கூடாதென்று அவள் நகங்களில் நான் பூசிவந்த சாயத்தை அழித்துவிட்டேன். நீலம் முக்கால்வாசி போயிருக்கிறது. விரல்களைப் பிடித்துப் பாருங்கள். சண்டையைச் சாயங்காலம் தொடரலாம்.